முப்பதுக்கு முப்பது

"முப்பதுக்கு முப்பது வாங்கினவ எதுக்கும்மா வீட்டை விட்டுப் போகணும்?"

அணைஞ்ச பெருமாள் இப்படிக் கேட்டபோது ஆவுடையம்மை தலையைத் தூக்கவில்லை. மடி நிறைய நொச்சி இலை. பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு போறா?"

"என் வீட்டுக்காரி. வெள்ளிக்கிழமை மத்தியான வண்டிக்கு. அவ அக்கா வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"சொல்ல மாட்டேங்கா. பெட்டியைப் பார்த்தா திரும்பி வாரவ பெட்டி மாதிரி இல்லை."

இது நடந்தது மஞ்சுக்கோம்பையில். அந்த மலையூரில் நாலு மணி ஆனால் மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கும். வாசலில் நிற்காது, வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பேச்சு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். நேற்று நடந்தது எது, கனாவில் கண்டது எது என்று அங்கே யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆவுடையம்மை அங்கே வைத்தியர். தீராத நோய்க்காரர்கள் அவருடைய வைத்தியசாலையைச் சுற்றிக் குடியிருந்தார்கள். முழுசாகக் குணமாகி மலை இறங்கியவர் என்று ஒருத்தர் கிடையாது. அதற்காக யாரும் அங்கே சாக வந்தவர்களும் இல்லை. இருக்க வந்தவர்கள்.

அணைஞ்ச பெருமாள் அவருடைய சீடர். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர். மனைவி செம்பகவல்லிக்கு மூட்டுவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போனதும் வேலையை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஏறினவர் அப்படியே வைத்தியம் படிக்க உட்கார்ந்துவிட்டார். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை அம்மா என்பார். மஞ்சுக்குள் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்!

அளந்த கை சும்மா இருக்குமா? வந்த ஆறாம் மாசமே ஒரு அளவைக் கொண்டுவந்தார்.

"வலியை அளக்க முடியாதும்மா. ஒருத்தர் ஐயோன்னு கத்துதார், ஒருத்தர் வாயையே திறக்க மாட்டேங்கார். ஆனா அந்த வலியோட ஒரு ஆள் என்னென்ன செய்யுதார்னு அளக்கலாம்லா?"

பத்துக் கேள்வி. தலை வாருவதில் கஷ்டம் உண்டா, தண்ணீர் எடுப்பதில் உண்டா, படி ஏறுவதில் உண்டா, இப்படி. கஷ்டமே இல்லை என்றால் மூன்று. கொஞ்சம் என்றால் இரண்டு, ரொம்ப என்றால் ஒன்று, முடியவே முடியாது என்றால் சுழி.

ஆவுடையம்மை அந்த நோட்டை மூன்று நாள் வைத்துப் பார்த்தார்.

"நல்ல அளவு அண்ணாச்சி," என்றார்.

பொய்யில்லை. அந்த அளவை வைத்துப் பத்துப் பேருக்காவது மருந்தை மாற்றியிருக்கிறார். தன் முதுகைத் தானே தேய்த்துக் குளிக்க முடியவில்லை என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் கிடந்தவர்களெல்லாம் கேள்வி என்று கேட்டதும் சொன்னார்கள்.

செம்பகவல்லியின் எண் முதலில் பதினான்கு. பிறகு பத்தொன்பது. பிறகு இருபத்தைந்து. போன மாசம் முப்பது! அன்றைக்கு அணைஞ்ச பெருமாள் வைத்தியசாலையில் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். மலையில் வேறு ஒருத்தருக்கும் முப்பது கிடையாது.

அவள்தான் பெட்டி கட்டிவிட்டாள்.

ஆவுடையம்மை இலைகளைத் துணியில் குவித்து நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தார். நூலை எடுத்தார். அவருக்கும் அதே வாதம்தான், பதினேழு வயதிலிருந்து. விரல் முட்டுகள் வீங்கியிருந்தன. நூல் நழுவியது. மறுபடி எடுத்தார். மறுபடி நழுவியது.

எதிரே முழங்காலை நீட்டிக்கொண்டு ஒரு நோயாளி அந்த ஒத்தடக் கிழிக்காகக் காத்திருந்தார்.

அணைஞ்ச பெருமாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிழியை வாங்கினார், நூலைச் சுற்றினார், ஒரு இழு. முடிந்தது.

"இந்தாங்கம்மா."

ஆவுடையம்மை கிழியை வாங்கினார். முடிச்சை நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தார். இலையைக் கொட்டினார். துணியை மறுபடி விரித்தார்.

முதலிலிருந்து.

நூல் நழுவியது. சீடர் கையை நீட்டினார். இந்தத் தடவையும் பிடுங்கிக் கட்டிக் கொடுத்தார்.

ஆவுடையம்மை இந்தத் தடவையும் அவிழ்த்தார்.

"அம்மா, அவர் காத்துக் கிடக்கார்லா?"

"எனக்கு என்ன அவசரம்," என்றார் முழங்கால்காரர். "வலி எங்கேயும் போயிடாது. நீங்க நடத்துங்க."

மூன்றாவது தடவை அணைஞ்ச பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் இருக்கும், இருபதும் இருக்கும். ஆவுடையம்மை நூலின் ஒரு முனையைப் பல்லில் கவ்வினார், மற்றதைக் கட்டைவிரலில் சுற்றினார்.

"அண்ணாச்சி, இங்கே ஒரு விரலை வைங்க."

வைத்தார். அந்த விரல் மேலேயே முடிச்சு விழுந்தது. கொஞ்சம் கோணல் முடிச்சுதான்.

ஆவுடையம்மையின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எனக்கு விளங்கலைம்மா," என்றார் சீடர். "மண்டையிலே ஏற மாட்டேங்கு. வாய்விட்டுச் சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய் அதே பத்துக் கேள்வியைக் கேளுங்க. ஆனா கஷ்டமான்னு கேக்காதீங்க. கடைசியா எப்போன்னு கேளுங்க."

*

சாயங்காலம் மஞ்சு வீட்டுக்குள் வந்திருந்தது. செம்பகவல்லி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமாட்டில் தண்ணீர், கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து, காலடியில் வெந்நீர்ப் பை. எல்லாம் அவர் வைத்தது. எதற்கும் அவள் எழுந்திருக்க வேண்டியதில்லை.

அவர் நோட்டைத் திறந்தார்.

"நேத்துத்தானே கேட்டீங்க," என்றாள்.

"இது வேற. நீயா தலை வாரிக்கிட்டது கடைசியா எப்போ?"

அவள் அவரையே பார்த்தாள்.

"போன வருஷம் ஐப்பசி. சீப்பு கீழே விழுந்துட்டு. அன்னையிலிருந்து நீங்கதானே வாரி விடுதீங்க."

"தண்ணி?"

"நீங்க அடுப்படிக்குக் குழாய் இழுத்த அன்னைக்கு முந்தின நாள். பக்கத்து வீட்டு உமையாள் கிணத்தடியிலே எனக்காகக் காத்திருப்பாளாம். பிறகு அவளும் விட்டுட்டா."

"சோறு பொங்கினது?"

"கையிலே கஞ்சி கொட்டிக்கிட்டேன்லா, தை மாசம். அன்னைக்கு."

"அன்னைக்கு நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

"தெரியும். நீங்கதான் அழுதீங்க. நான் அழலை."

அவர் எழுதிக்கொண்டே போனார். பூக்கட்டியது, கதவைத் தாழ் போட்டது.

"மச்சுப்படி ஏறினது கடைசியா எப்போ?"

மச்சிலிருந்து பார்த்தால் கணவாய் தெரியும். பால் பொங்கி வழிவது மாதிரி மஞ்சு அந்த வழியாகத்தான் ஊருக்குள் இறங்கும். மலைக்கு வந்த புதிதில் தினமும் நாலு மணிக்கு அவள் அங்கே போய் நிற்பாள்.

"கட்டிலைக் கீழே இறக்கினீங்களே, அன்னைக்குக் காலையிலே. மூணு தரம் ஏறினேன் அன்னைக்கு. கடைசின்னு தெரிஞ்சிருந்தா நாலாவது தரமும் ஏறியிருப்பேன்."

அவருடைய பேனா நின்றுவிட்டது. எழுதின பக்கத்தைப் பார்த்தார். எல்லாமே பழைய மாசங்கள். செய்யாத வேலைக்குக் கஷ்டம் இல்லை என்று, ஒவ்வொரு மாசத்துக்கும் நேராக அவர் கையால் எழுதின மூன்று.

"நான் என்ன தப்பு செஞ்சேன் செம்பகம்?"

"ஒரு தப்பும் செய்யலை. அதான் யார்கிட்டயும் சொல்லிக்கிட முடியலை."

"பிறகு ஏன் போறே?"

"பதினாலு மாசமா இந்த வீட்டிலே விருந்தாளியா இருந்துட்டேன். உட்காருன்னா உட்காருதேன், சாப்பிடுன்னா சாப்பிடுதேன். விருந்துக்கு வந்தவ ஒரு நாள் கிளம்பத்தானே வேணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

*

வியாழக்கிழமை காலையில் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பட்டியல் போட்டார்! சர்வேயர் புத்தி போகுமா. ஆறு மணிக்குத் தலை வார வேண்டியது, ஆறரைக்கு ஒரு செம்பு தண்ணீர், ஏழுக்கு மூன்று படி, மறுநாள் நாலு படி. கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகாக எழுதி அவள் கையில் கொடுத்தார்.

அவள் முழுவதையும் பொறுமையாகப் படித்தாள்.

"இதைச் சாப்பாட்டுக்கு முன்னே சாப்பிடணுமா, பின்னேயா?"

பட்டியலை நாலாக மடித்தாள். எழுந்து போய் பெட்டிக்குள் கடைசிச் சேலையை வைத்தாள்.

அணைஞ்ச பெருமாள் ஓட்டமும் நடையுமாக வைத்தியசாலைக்கு வந்தார். ஆவுடையம்மை வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்ந்திருந்தார். காலை நேரத்தில் அவருடைய மூட்டுகள் மடங்காது, வெந்நீரில் ஊறினால்தான் வழிக்கு வரும். ஆவியும் மஞ்சும் கலந்து கிடந்ததில் தலை மட்டும் மிதப்பது போல் தெரிந்தது.

"கஷ்டத்தைக் குறைக்கத்தானே அம்மா வைத்தியம்?"

ஆவுடையம்மை கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்கு உங்க வீட்டிலே யாரு சோறு பொங்குதா?"

"நான்தான். வேற யாரு?"

"நாளைக்கு நீங்க பொங்க வேண்டாம். இங்கேயும் வர வேண்டாம். வீட்டிலே உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"உட்காருங்க."

"அவகிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நேத்து விரலை எப்போ வச்சீங்க?"

"நீங்க கேட்டபோது."

ஆவுடையம்மை தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தார்.

சீடருக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தை வெளியே கொட்டினார்.

"கையைச் சுட்டுக்கிட்டா?"

"மருந்து இருக்கு."

"தடுமாறி விழுந்துட்டா?"

"அதுக்கும் இருக்கு."

"போயிட்டா?"

"அதுக்கு என்கிட்ட இல்லை அண்ணாச்சி."

*

வெள்ளிக்கிழமை மஞ்சுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, விடியும்போதே இறங்கிவிட்டது. பெட்டி வாசல் பக்கத்தில் இருந்தது. வாசல் இருக்கிற இடம் அந்தப் பெட்டியை வைத்துத்தான் தெரிந்தது.

அணைஞ்ச பெருமாள் கூடத்தில், தரையில் உட்கார்ந்தார்.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று.

"இன்னைக்குப் பொங்கலையா?" கட்டிலில் இருந்து குரல்.

"இல்லை."

"மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பசிக்கலையா?"

"பசிக்கு."

அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. போகாதே என்று ஒரே வார்த்தைதான் அந்த ஆயிரமும். வாயை இறுக மூடிக்கொண்டார்.

கட்டில் கிரீச்சிட்டது. சேலை தரையில் உரசிக்கொண்டு போனது. வாசல் பக்கமா, அடுப்படிப் பக்கமா? மஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

தீக்குச்சி உரசும் சத்தம்.

எரியவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அவர் எண்ணினார், எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஒன்பதாவது குச்சி பிடித்தது.

டம்ளர் உருண்டது. அரிசி தரையில் கொட்டிச் சிதறியது. அவர் பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தி வைத்துக்கொண்டார்.

அரிசியைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. அரிசி பொறுக்குவதற்குச் சத்தம் உண்டா என்றால், அன்றைக்கு உண்டு. ஒவ்வொரு மணியாகக் கேட்டது. எத்தனை நேரமோ. கண் திறந்திருந்தது, ஆனால் அவர் எங்கேயோ போய்விட்டார். மஞ்சில் நிலம் அளக்கிற மாதிரி இருந்தது. சங்கிலியின் அந்த முனையில் இருக்கிற ஆள் தெரிய மாட்டார். வெட்டி இழுத்தால்தான் இருக்கிறார் என்று தெரியும்.

"சனியன் பிடிச்ச கரண்டி!" என்று அடுப்படியிலிருந்து ஒரு வசவு வந்தது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினாலு மாசமாக அவள் யாரையும் எதையும் திட்டி அவர் கேட்டதில்லை.

பிறகு ஐயோ என்றாள். சின்ன ஐயோதான். பிறகு வாயால் ஊதும் சத்தம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், உப்புக் கரித்தது.

"இந்தாங்க, இங்கே வாங்க. இந்தப் பானையை இறக்கித் தாங்க."

ஒரே ஓட்டமாக ஓடினார். ஆவிக்கு நடுவில் வேர்த்து வடிந்துகொண்டு அவள் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு விரலில் சிவப்பாகக் கொப்புளம்.

"எதுக்குக் கையைப் பார்க்கீங்க? பானையைப் பாருங்க."

இறக்கினார்.

"போங்க," என்றாள்.

போய் உட்கார்ந்தார்.

மலைச்சரிவில் மத்தியான வண்டி ஹாரன் அடித்தது. இங்கே மஞ்சு நாளில் வண்டிக்காரர் மூன்று தடவை அடிப்பார். ஒன்று. அடுப்படியில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு. வதக்குவது நின்றது. அணைஞ்ச பெருமாள் பெட்டியைப் பார்த்தார், அதுவும் மஞ்சுக்குள் போய்விட்டிருந்தது. மூன்று.

"புளியை எங்கே கொண்டு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"மேல் தட்டிலே, இடது கைப்பக்கம்," என்றார்.

வண்டி இறங்கிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

தட்டு வரும்போது மணி மூன்று தாண்டியிருந்தது. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் கொஞ்சம் குழம்பு சிந்தியது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

சோறு கூழாகக் குழைந்திருந்தது. கத்திரிக்காய் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் இருந்தது. அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

அடுப்படியில் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. அவளும் இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

பதினாலு மாசம் அவளுக்கு இதமாகவே பேசிப் பழகிய நாக்கு. அருமையாக இருக்கிறது என்று சொல்ல அது தயாராக இருந்தது. அவர் அந்த வாயை விழுங்கினார்.

"ஏட்டி, இதிலே உப்பே இல்லையே!"

மஞ்சுக்குள்ளிருந்து பதில் பட்டென்று வந்தது.

"கை இருக்குல்லா? எடுத்துப் போட்டுக்கிடுங்க. எனக்கு இங்கே தலைக்கு மேலே வேலை கிடக்கு."